கித்தாரைத் தொட்டால் பிள்ளை கெட்டுவிடுமா?



தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தி இரவு ஒன்பது மணிக்குச் சிங்கப்பூரில் ஒரு மதுக்கூடத்தின் வாசலில் நின்றாள் என்று யாரேனும் உங்களிடம் சொன்னால், வதந்தி என்று மறுக்க வேண்டா. நின்றவள் நான்தான். தனியாகவும் நிற்கவில்லை. பதினான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டுதான் நின்றேன். ஏன் நின்றேன் என்பதை எழுதிவிடுகிறேன். படித்த பின் சிலருக்கு என்மீது சினம் வரும். வரட்டும்.

கடந்த பள்ளி விடுமுறையில் ஈசூனில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தோம். புறப்படும் முன்பே மகள் ஒன்று கேட்டாள். "அம்மா, இந்த முறை விலங்குத் தோட்டமெல்லாம் வேணாம். ஜாஸ் கித்தார் நேர்ல கேக்கணும்." அவள் ஓராண்டாகக் கித்தார் பழகுகிறாள். வெஸ் மாண்ட்கோமரி என்ற அமெரிக்கக் கலைஞரின் வாசிப்பைக் கணினியில் ஓயாமல் கேட்பாள். எங்கள் ஊரில் அதை நேரில் கேட்க வழியில்லை. பெருநகரத்தில் இல்லாமலா போகும் என்று நானும் சரி சொன்னேன்.

முதல் நாள் மாலை தேக்காவில் இறங்கினோம். சிராங்கூன் சாலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மல்லிகைச் சரம், வீரமாகாளியம்மன் கோவில் மணி, கடைக்குக் கடை ஒலிக்கும் திரைப்பாடல். இசைக்கருவிகள் விற்கும் கடை ஒன்றுக்குள் நுழைந்தோம். ஆர்மோனியமும் தபேலாவும் மிருதங்கமும் முன்வரிசையில் இருந்தன. கித்தார்கள் பின் சுவரில் தொங்கின. கடைக்காரர் எங்களைவிட மூத்தவர், நல்லவர். "இங்க ஜாஸ் கித்தார் எங்கண்ணே கேக்கலாம்?" என்றேன். என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஜாஸா? அதெல்லாம் பார்லதாம்மா. புள்ளைய வச்சிக்கிட்டு அங்கெல்லாம் போவாதீங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. மறு பாதியைப் பிறகு சொல்கிறேன்.

ரோச்சோர் கால்வாயைக் கடந்து நடந்தால் கால் மணி நேரத்தில் அரபு சாலை வந்துவிடும். சுல்தான் பள்ளிவாசலின் பொற்குவிமாடம் தெரியும் அந்தப் பகுதியில், சந்து பொந்துகளிலெல்லாம் நேரடி இசை நடக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உண்மைதான். ஒரு வாசலில் கித்தார் ஒலி எங்களை நிறுத்தியது. மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். வாயிற்காப்பாளர் பணிவாகவே சொன்னார்: பதினெட்டு வயது நிரம்பாதவர்களை இந்த நேரத்தில் உள்ளே விட இயலாது. அவருடைய வேலை அது. நான் குறை சொல்லவில்லை. கதவு திறந்து மூடும்போதெல்லாம் இரண்டு வினாடி, மூன்று வினாடி என்று இசை வெளியே வந்து விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு இருபது நிமிடம் நின்றோம். மதுக்கூட வாசலில் நான் நின்ற கதை இவ்வளவுதான்.

மறுநாள் சனிக்கிழமை. அக்காள் வீட்டு அத்தான், "ஏன் காசு குடுத்துப் போயி வாசல்ல நிக்கிறீங்க? எஸ்பிளனேடுக்குப் போங்க, சும்மாவே கேக்கலாம்" என்றார். 2002 அக்டோபரில் திறக்கப்பட்ட கலையரங்கம் அது. டுரியான் பழத்தைப் பிளந்து கவிழ்த்தாற்போல் இரண்டு கூரைகள் இருக்குமே, அதுதான். நுழைவுச்சீட்டு வாங்கிப் போகும் பெரிய அரங்குகள் உள்ளே இருக்கின்றன. ஆனால் கீழ்த்தளக் கூடத்திலும் நீர்க்கரையோரத் திறந்தவெளி மேடையிலும் கட்டணமில்லாமல் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. எங்கள் நல்வினை, அன்று கூடத்தில் ஒரு கித்தார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் என மூவர் வாசித்தார்கள். பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தைகள் இருந்தார்கள். தரையில் சம்மணமிட்டு ஒரு சீனப் பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் கையிலும் மதுக்கிண்ணம் இல்லை. கெட்டுப்போனவர்கள் என்று யாரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கடைக்காரர் சொல்லாமல் விட்ட மறு பாதி இதுதான். ஜாஸ் மதுக்கூடத்திலும் இருக்கிறது, பிள்ளைகள் உட்காரும் கூடத்திலும் இருக்கிறது. அது எங்கே ஒலிக்கும் என்பதை முடிவு செய்வது, அதற்கு நாம் எந்த இடத்தைத் திறந்து விடுகிறோம் என்பது. இந்நாட்டுப் பியானோ கலைஞர் ஜெரமி மொந்தேரோவுக்கு 2002 ஆம் ஆண்டே நாட்டின் மிக உயர்ந்த கலை விருதான கலாசாரப் பதக்கத்தை அரசு வழங்கியது. அவர் வாசிப்பது ஜாஸ். பதக்கம் கொடுத்த அரசுக்கு இளையோர் கெட்டுப்போவார்கள் என்ற அச்சம் வந்ததாகத் தெரியவில்லை.

அன்று அந்தக் கித்தார் கலைஞர் என்ன செய்தார் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் வழக்கே அதில்தான் இருக்கிறது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டு ஒன்றை அப்படியே வாசித்தார். முப்பத்திரண்டு தாளக்கட்டுகள். மெட்டு முடிந்தது. நம் பள்ளிக் கலைவிழாவாக இருந்தால் அத்தோடு கைதட்டு, அடுத்த நிகழ்ச்சி. இங்கே அப்போதுதான் தொடங்கியது. பேஸ் அதே சுர அடுக்குகளின் வரிசையைச் சுழற்றிக்கொண்டே இருக்க, கித்தார் மெட்டை விட்டு வெளியேறியது. அதே முப்பத்திரண்டு கட்டுக்குள் புதிதாக ஒன்றைக் கட்டியது. மறு சுற்றில் அதையும் கலைத்து வேறொன்று. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்கே அடுத்த வரி என்னவென்று அப்போதுதான் தெரிந்திருக்கும். பிறகு பேஸுக்கு வாய்ப்பு, டிரம்ஸுக்கு வாய்ப்பு. கடைசியில் மூவரும் பழைய மெட்டுக்குத் திரும்பி வந்து சேர்ந்தார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. காளமேகப் புலவர்தான் நினைவுக்கு வந்தார். ஈற்றடியை ஒருவர் கொடுப்பார். யாப்பு மாறக்கூடாது. தளை தட்டக்கூடாது. அவையோர் பார்த்திருக்க அந்த நொடியிலேயே வெண்பா பிறக்க வேண்டும். ஆசுகவி என்று நாம் போற்றி வைத்திருப்பது வேறென்ன? கருநாடக இசையில் நிரவல் என்று ஒன்று இருக்கிறதே, பாடலின் ஓர் அடியை மட்டும் எடுத்துக்கொண்டு, தாளத்தில் சொற்களின் இடம் பிசகாமல், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சுரக்கோலத்தில் பாடுவது, அதுவும் இந்தக் குடும்பம்தான். கற்பனைசுரம் இதன் உடன்பிறப்பு. இலக்கணத்தை முழுதாகக் கற்றவன் மட்டுமே செய்யக்கூடிய செயல் இது. கற்றதை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுபவனால் ஆகாது.

"அந்நிய இசை நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி. நீங்கள் கச்சேரியில் கண்மூடிக் கேட்கும் வயலின் எந்த ஊர்க் கருவி? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் அதைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் அரசர் 1834 இல் தந்தத்தாலான வயலினையே பரிசளித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? மேண்டலினை எடுத்துக்கொண்டு வந்த ஸ்ரீநிவாஸ் சிறுவனை அன்று யாரேனும் "போடா, அது வெள்ளைக்காரன் வாத்தியம்" என்று அனுப்பியிருந்தால் இழப்பு யாருக்கு? நீங்கள் நாள்தோறும் வாகனத்தில் கேட்கும் இளையராஜா, இசையமைப்பாளர் ஆகும் முன் சலீல் சௌத்ரியிடம் கித்தார் வாசித்தவர். இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா கித்தாரிலேயே கருநாடக இசை வாசிக்கிறார், ஜாஸும் வாசிக்கிறார். அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துப் பட்டம் பெற்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "படிப்பு கெட்டுவிடும்" என்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்திசையிலும் பயணம் நடந்திருக்கிறது. 1970களில் ஜான் மெக்லாலின் என்ற ஆங்கிலேய ஜாஸ் கித்தார் கலைஞர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். சக்தி என்று ஒரு குழு அமைத்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கரின் வயலினோடும், விக்கு விநாயக்ராமின் கடத்தோடும், ஜாகிர் உசேனின் தபேலாவோடும் அமர்ந்து வாசித்தார். அந்தக் குழுவின் பெயருக்கு 2024 இல் கிராமி விருது கிடைத்தது. உலகம் நம் வீட்டுத் திண்ணை வரை வந்து கற்றுக்கொண்டு போகிறது. நாம் கதவைச் சாத்திவிட்டு உள்ளே கரோக்கே பாடிக்கொண்டிருக்கிறோம்!

இனி பால் பொன்னுத்துரை என்ற மனிதரைப் பற்றி. எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? எனக்கும் அன்று அத்தான் சொல்லித்தான் தெரியும். மலேசியாவில் பிறந்தவர். சிங்கப்பூர் மதுக்கூடங்களில் தனியொரு கித்தாரோடு பாடி வந்தவர். ஊரறிந்த பாடலைத்தான் எடுப்பாராம். ஆனால் அவர் கையில் அது ஒருபோதும் பழைய பாடலாக இருக்காதாம். நேற்று வாசித்ததுபோல் இன்று வாசிக்க மாட்டாராம். வெளிநாட்டு ஏட்டாளர்கள் வந்து கேட்டு வியந்து எழுதினார்கள். 2012 ஜூலையில் மறைந்தார். நாற்பதுகளைத் தாண்டிச் சில ஆண்டுகள்தான். பொன்னுத்துரை என்ற பெயரை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவில்லை. அவருடைய பாட்டைக் கேட்கக் காசும் மதுவும் வேண்டியிருந்தது, ஆகவே அவர் நம்முடைய மேடைகளுக்கு ஆகாதவர் ஆகிவிட்டார். ஆனால் அவரை அங்கே உட்கார வைத்தது யார்? கலைஞனுக்குச் சோறு போடுகிற மேடையை மதுக்கூடக்காரன் அமைத்தான். நாம் அமைக்கவில்லை. அமைக்காமல் இருந்துவிட்டு, "பார், அவன் எங்கே வாசிக்கிறான்" என்று விரலும் நீட்டுகிறோம். இது எந்த ஊர் நியாயம்?

அடுத்தவரைச் சொல்லிக்கொண்டே போவது எளிது. நான் செய்ததையும் எழுத வேண்டும்.

2010 ஆம் ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் தமிழ் கற்பித்தேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு ஆண்டு. தன்கதைக் கட்டுரைக்கு 'நான் ஒரு பேனா' என்று ஒரு மாதிரிக் கட்டுரையை எழுதிப்போட்டு, முப்பது பிள்ளைகளையும் மனனம் செய்ய வைத்திருந்தேன். பேனா பிறந்த தொழிற்சாலை, கடைக்கு வந்தது, ஒரு மாணவன் வாங்கியது, மை தீர்ந்ததும் குப்பைத் தொட்டி. நடுவில் செருக இரண்டு மரபுத்தொடர், ஒரு பழமொழி. முன்னோட்டத் தேர்வில் ஒரு பையன் மட்டும் 'நான் ஒரு கித்தார்' என்று எழுதியிருந்தான். அவனுடைய சிற்றப்பா ஒருவர் பழைய கித்தார் ஒன்றைக் கொடுத்திருந்தார். அதைத்தான் எழுதியிருந்தான். அடுத்த வீட்டார் தூங்கிய பின் தன்னை ஒரு சிறுவன் மெத்தைமேல் வைத்து, சத்தம் வராமல் கட்டைவிரலால் மட்டும் தடவுவான் என்று அந்தக் கித்தார் சொல்லியது. எழுத்துப்பிழைகள் இருந்தன. பழமொழி இல்லை. நான் சிவப்பு மையால் கோடு போட்டு, 'மாதிரியைப் பின்பற்றுக' என்று எழுதிக் குறைந்த புள்ளி போட்டேன்.

அத்தோடு விட்டேனா? அவன் தந்தை புள்ளியைப் பார்த்துக் கலங்கிப்போய்ப் பள்ளிக்கு வந்தார். லாரி ஓட்டுநர், மகனாவது படித்து மேலே வரட்டும் என்ற ஏக்கம் கண்ணில் தெரிந்தது. "கித்தாரைப் பூட்டி வைங்க அண்ணே, தேர்வு முடியட்டும்" என்றேன். அவர் அன்றிரவே அதை அலமாரியின் மேலே ஏற்றிவிட்டார். நவம்பரில் முடிவு வந்தது. பையன் ஏழு ஏ. கட்டுரையில் பேனாவைத்தான் எழுதியிருப்பான். தந்தை இனிப்பு வாங்கி வந்து எனக்கு நன்றி சொன்னார். நானும் மனநிறைவோடு வாங்கித் தின்றேன்.

வெஸ் மாண்ட்கோமரியைப் பற்றி என் மகள் சொல்லித்தான் பின்னாளில் நான் அறிந்தேன். பகலெல்லாம் தொழிற்சாலை வேலை. இரவில்தான் கித்தார். அக்கம்பக்கத்தார் சத்தத்தைப் பொறுக்காததால் மீட்டும் வில்லையை எறிந்துவிட்டுக் கட்டைவிரலால் மெதுவாக வாசிக்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள். அந்தக் கட்டைவிரல் ஒலிதான் இன்று உலகமே அடையாளம் காணும் ஒலி. அவருக்கு இசைக்குறியீடு படிக்கத் தெரியாது. மகள் இதைச் சொன்ன அன்று நான் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். மெத்தைமேல் கித்தாரை வைத்துக் கட்டைவிரலால் தடவிய ஒரு பையன் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தானே!

ஜாஸில் கித்தாரே ஒரு காலத்தில் பின்வரிசைப் பிள்ளைதான். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் குழுவில் அதன் குரல் எடுபடாது. தாளம் தட்டிக்கொண்டு மூலையில் இருக்க வேண்டியதுதான். 1930களில் மின்கித்தார் வந்தது. 1939 இல் சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்து, இந்தப் பின்வரிசைப் பிள்ளைக்கும் பேச்சு உண்டு என்று காட்டினார். மூன்றே ஆண்டுகளில், இருபத்தைந்தாம் வயதில், காசநோயில் மறைந்துவிட்டார். ஒலிபெருக்கி கொடுத்ததும் பேசியது. அதற்கு முன்பும் அதனிடம் சொல்ல ஏதோ இருக்கத்தான் செய்தது.

1988 முதல் நம்மை ஆட்டிவைத்த யூ.பி.எஸ்.ஆர். 2021 இல் நீக்கப்பட்டது. தேர்வு போய்விட்டது, மாதிரிக் கட்டுரை போகவில்லை. பள்ளிகளில் இசைக்கல்விக்கென்று பாடவேளை இருக்கிறது. அந்தப் பாடவேளையில் கணிதப் பயிற்றி செய்ய வைத்த ஆசிரியர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். முதல் கை என்னுடையது. பெற்றோர்களே, நீங்களும் தப்பவில்லை. மாதா மாதம் டியூசனுக்குக் கட்டும் பணத்தில் ஒரு சாதாரணக் கித்தாரை எளிதாக வாங்கிவிடலாம். "வாங்கிக் கொடுத்தால் பாட்டுக்காரனாகிவிடுவான்" என்கிறீர்கள். பந்து வாங்கிக் கொடுத்த எல்லாரும் காற்பந்து வீரர்களாகிவிட்டார்களா? அதே பிள்ளை பள்ளிக் கலைவிழாவில் திரைப்பாடலுக்கு வாயசைத்து ஆடினால் முன்வரிசையில் நின்று கைப்பேசியில் பதிவு செய்கிறீர்கள். பாடியவர் வேறு, இசைத்தவர் வேறு, ஆட்டம் கற்பித்தவர் வேறு. பிள்ளையுடையது என்று அங்கே உடையைத் தவிர எதுவும் இல்லை. அதுவும் வாடகை.

எஸ்பிளனேடில் கேட்ட மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, தேக்கா மார்க்கெட்டில் தோசைக்காக வரிசையில் நின்றோம். ஞாயிறன்று அங்கே நிற்க இடம் கிடைப்பதே அரிது. "டீச்சர்!" என்று ஒரு குரல். அவனேதான். தாடி வைத்திருந்தான். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை, விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வருகிறான், அன்று மிகைநேர வேலை முடிந்து சாப்பிட வந்திருக்கிறான். நல்ல பிள்ளை. எங்களைக் கேட்காமலே மூன்று தே தாரிக் வாங்கி வந்தான். என் மகளின் விரல்நுனிகளைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி கித்தார் வாசிக்குதா டீச்சர்?" என்றான். கம்பி அழுத்திக் காய்த்த விரல்களை அவனுக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது.

"நீ இன்னும் வாசிக்கிறியாப்பா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

சிரித்தான். "அப்பவே விட்டுட்டேன் டீச்சர். தேர்வு முடிஞ்சதும் எடுக்கலாம்னு இருந்தேன். அப்புறம் பி.எம்.ஆர்., அப்புறம் எஸ்.பி.எம்., அப்புறம் வேலை." என்மேல் அவனுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். கித்தார் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "அலமாரி மேலதான் இருக்கு. அப்பா தூக்கிப் போட விடமாட்டாரு. கம்பிதான் துருப்பிடிச்சிருச்சு."

அவன் கட்டுரையை நான் நினைவு வைத்திருப்பதாகச் சொன்னேன். அவனுக்கு நினைவில்லை. 'நான் ஒரு பேனா' மட்டும் நினைவிருக்கிறதாம். முதல் இரண்டு வரியை அங்கேயே ஒப்பித்துக் காட்டினான்!

அவன் போன பின் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பழைய இசைக்கருவிக் கடைக்கே போனேன். கடைக்காரர், "ஜாஸ் கெடச்சதாம்மா?" என்று கேட்டார். "கெடச்சது அண்ணே, பிள்ளைங்க உக்காந்து கேக்குற எடத்திலயே கெடச்சது" என்றேன். கித்தார்க் கம்பிகள் ஆறு கொண்ட ஒரு பொட்டலம் வாங்கினேன். அவனுடைய அப்பாவின் கைப்பேசி எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பொட்டலம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.